சீன நாட்டுத் திருமலையும் தென்கடற் காயற்றுறையும்

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மெய்யடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவபிரானாகவே கருதி வழிபடல் வேண்டும் எனப் பணிக்கின்றது. அத்திருக்கோயில் தமிழகத்ததாதல் வேண்டும் என்னும் வரையறை ஆண்டுக் கூறப்பட்டிலது. ஆகலின், தமிழ் வழங்கும் எல்லைக்குப் பல்லாயிரங் கல் தொலைவில், சீன நாட்டின் கீழைக் கடற்கரையில், ஒரு திருமலையின் அடிவாரத்து நகரில் தமிழ்ச் சைவர் எடுத்த சிவாலயத்தின் வரலாறு சைவ நன்மக்கள் அறிந்து போற்றற்பாலதாம். அவ்வாலயம் இன்று இல்லை. அதன் கற்கள் உள்ளன. அதனை எடுத்தாரது பெயர் தமிழெழுத்தில் உள்ளது.

சீனத்து மலைக்கோயில் என்றவளவிலே தமிழ்மக்கட்கு நினைவில் எழுவது வேறொன்று. வடசீனத்துச் சுங் மலையிலுள்ள ஷாவோலின் மடமும், ஆண்டுச் சென்று போர்க்கலை கற்பித்தாரென்று சொல்லப்படும் போதிதருமருமே அது. இவ்விரு தொடர்புகளுள் எது அளவையால் நிலைபெறுவது, எது ஐதிகமாய் நிற்பது என்று ஆராய்தலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். அளவைகளைப் பத்தென விரித்துக் காட்டி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமெனத் தொகுத்துரைப்பது சிவஞானசித்தியார். வழிவழியாகப் பலருஞ் சொல்லி வருவதாகிய ஐதிகம் அப்பத்தினுள் ஒன்று. தெய்வப் பொருளை ஆராய்தற்கு வகுத்த இந்நெறி, நாட்டு வரலாற்றை ஆராய்வார்க்கும் நல்ல கோலாகும்.

மலையும் நகரும்

சீனத்துப் பூசியான் மாநிலத்தில் சுவான்சௌ என்னும் துறைமுக நகர் உளது. அராபியரும் ஐரோப்பியரும் இதனைச் செய்தூன் என வழங்கினர். சுங், யுவான் அரச மரபினர் காலத்தில், அஃதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை, கீழைக்கடல் வாணிகத்தின் தலைமைத் துறைகளுள் ஒன்றாய் இது விளங்கிற்று. அச்சிறப்புப் பற்றியே இந்நகரின் பழஞ்சின்னங்கள் 2021-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டன.

நகருக்கு வடக்கே நிற்பது சிங்யுவான் மலை. ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரமே உடையதாயினும் சுனைகளும் பாறைகளும் செறிந்தது. தாவோ நெறியின் முதலாசிரியராகிய லாவோசு முனிவரின் இருந்த திருக்கோலம், சுங் காலத்தில், ஒரே பாறையில் ஐந்தரை மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இம்மலையிற் செதுக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்திருந்த தாவோக் கோயில் அழிந்தது. வானமே கூரையாக முனிவர் வீற்றிருக்கின்றனர். வேறொரு பாறையில் முக்காலப் புத்தர் மூவர் திருவுருவங்கள் 1292-இல் அமைக்கப்பட்டன. மலையின் கீழ்ச்சாரலில் தென் ஷாவோலின் எனப்படும் மடம் புதுக்கப்பெற்று, துறவியரும் மாணாக்கரும் தடியும் கைவரிசையும் பயிலும் இடமாய் உளது. பழைய தென் ஷாவோலின் மடம் தம்மூரிலேயே இருந்ததென்று பூசியான் மாநிலத்து வேறிரண்டு ஊரினரும் உரிமை கூறுவர். அவ்வழக்கு எங்ஙனமாயினும், ஐங்குரவர் கைவரிசை என்னும் போர்க்கலை இந்நகரில் வழிவழி பயிலப்பட்டு வருதல் கண்கூடு.

நகருக்கு மேற்கே ஒன்பதாநாள் மலை என்னும் குன்றொன்றுண்டு. கலங்கள் செல்லுதற்கும் மீளுதற்கும் உரிய பருவங்களில் நகரத்து அதிகாரிகள் ஆண்டுச் சென்று நற்காற்று வேண்டி வழிபட்டுத் தம் வழிபாட்டைப் பாறையில் எழுதிவைத்தனர். 1174 முதல் 1266 வரைப்பட்ட அவ்வெழுத்துக்கள் இன்றும் படிக்கத்தக்கனவாய் உள்ளன. காற்றைத் தெய்வத்தினிடம் வேண்டி நின்ற அம்மலையும், அக்காற்றால் வந்தடையும் தென்கடற்றுறைகளும் ஒரே கயிற்றின் இரு தலைகள் என்க.

நகரின் நடுவே காய்யுவான் என்னும் பௌத்தப் பெருங்கோயில் உளது. 686-இல் தோன்றியது, 1250-க்குள் கல்லால் எடுத்து முடிக்கப்பெற்ற இரட்டைக் கோபுரங்களை உடையது. அதன் பெருமண்டபத்தின் பின்புறத்தே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவற்றில் நரசிங்கம், கசேந்திரன் வீடுபேறு, கண்ணன் திருவிளையாடல் முதலியன தென்னாட்டுச் சிற்பமுறையிற் செதுக்கப்பட்டுள்ளன. முன்புறத்து மேடையின் அடிவரிசையில் சிங்கமும், மனித முகமும் சிங்க உடலுமாகிய உருவங்களும் எழுபதுக்கு மேற்பட்ட பலகைகளிற் காணப்படும். பௌத்தக் கோயிலுக்குள் இவை வந்த வரலாறு யாது? அதற்கு விடை தருவது ஒரு தமிழ்க் கல்வெட்டு.

தமிழ்க் கல்வெட்டு

சுவான்சௌ நகரிற் கிடைத்த அக்கல்வெட்டு தமிழெழுத்தும் தமிழ்மொழியும் உடையது. இறுதியில் ஒரு வரி மட்டும் சீன எழுத்தாலாயது. அரனை வணங்கித் தொடங்கும் அது, சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாள் எனக் காலங் குறிக்கின்றது, அது கி.பி. 1281 ஆகும். செகசைகான் என்னும் அரசனது திருமேனி நலத்தின் பொருட்டு, அவனது பர்மானின்படி, தவச்சக்கரவர்த்திகள் எனப் பெயர்பெற்ற சம்பந்தப் பெருமாள் என்பார் சிவபிரானை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகின்றது.

இச்சிறு கல்வெட்டின் ஒவ்வொரு சொல்லும் கருதத்தக்கது. செகசைகான் என்றது, அக்காலத்துச் சீனம் முழுவதையும் ஆண்ட மங்கோலியப் பேரரசனாகிய குப்லாய் கானைக் குறிக்கும். அவனுக்குரிய சேச்சன் என்னும் பட்டப்பெயரே தமிழ் நாவில் இவ்வுருப்பெற்றது என்பர். பர்மான் என்பது அரசாணையைக் குறிக்கும் பாரசீகச் சொல். மங்கோலிய அரசனது ஆணையைப் பாரசீகச் சொல்லாற் குறித்துத் தமிழெழுத்தாற் சீன மண்ணில் ஒரு சைவர் எழுதுவித்தார் எனின், அத்துறையில் எத்தனை நாட்டார் கலந்து வாழ்ந்தனர் என்பது விளங்கும்.

இறைவன் திருப்பெயரைப் படித்தலில் அறிஞர் வேறுபடுவர். அதனைத் திருக்கதலீச்சுரம் எனப் படித்தார் தி. நா. சுப்பிரமணியனார். திருக்கானீச்சுரம் எனப் படிப்பாரும் உளர். பின்னதே பாடமாயின், கானின் பெயரால் அமைந்த ஈச்சுரம் என்பது பொருளாம். அரசர் பெயரால் ஈச்சுரங்கள் எழுதல் சோழ பாண்டிய நாடுகளில் வழக்காதலின், அவ்வழக்கு இஃதொன்றில் கடல் கடந்து அயல்நாட்டு அரசன்மேற் சென்றதெனக் கொள்ளலாம். எப்பாடங் கொள்ளினும், இறைவனை உடையார் என்றும் நாயனார் என்றும் வழங்கிய முறை அக்காலத்துத் தமிழகக் கல்வெட்டுக்களின் முறையேயாம்.

சம்பந்தப் பெருமாள் என்னும் பெயர் திருஞானசம்பந்தப் பிள்ளையார்பால் வைத்த அன்பைக் காட்டும். தவச்சக்கரவர்த்திகள் என்னும் பட்டமோ, அவர் வணிகர் குழுவினரோடு சென்ற தவவேடத்தினர் என்று கருதற்கு இடந்தருகின்றது. மெய்கண்ட தேவரும் அருணந்தி சிவாசாரியரும் வாழ்ந்து சித்தாந்தப் பெருநூல்கள் தோன்றிய பதின்மூன்றாம் நூற்றாண்டே இச்சம்பந்தப் பெருமாளின் காலமுமாகும். உமாபதி சிவனார் சங்கற்ப நிராகரணத்தை இயற்றியது சகம் 1235, அஃதாவது கி.பி. 1313. இதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகட்கு முன்னரே சீனத்துக் கடற்கரையில் சிவபூசை நிகழ்ந்ததென்பது சைவர் மறக்கற்பாலதன்று.

காயற்றுறைச் சான்று

காண்டலால் அறியப்பட்ட இக்கல்வெட்டிற்குத் துணையாகக் கருதலளவைக்கு உரிய ஏதுக்கள் பல உள. அவற்றுட் சிறந்தன தூத்துக்குடியை அடுத்த முத்துக்குளித்துறைக்கு உரியன.

தண்பொருநை கடலொடு கலக்குமிடத்தை அடுத்துப் பழையகாயல் உளது. ஆற்று மணலால் கடல் விலகக் கொற்கை தன் துறைச்சிறப்பை இழந்தபின், பாண்டியரது முத்தும் குதிரையும் மாறிய துறை காயலே. நவகைலாயங்களுள் இறுதியதாகிய சேர்ந்தபூமங்கலமும் இம்முகத்துவாரத்தை ஒட்டியதே. பொதியின்மேற் பிறந்த ஆற்றில் விடப்பட்ட ஒன்பது மலர்களுள் கடைசி மலர் சேர்ந்த இடம் அஃதென்பது தலவரலாறு. மலைக்கும் கடலுக்கும் இடையே சிவாலயங்களை நிரல்பட வைத்து வழிபட்ட மக்கள், கடலுக்கு அப்பாலும் அந்நிரலை நீட்டினர் என்று சொல்லுதல் பொருந்தும்.

யுவான் மரபின் வரலாற்றைக் கூறும் சீன நூல் ஒரு செய்தி தருகின்றது. குப்லாய் கானின் தூதராகிய யாங் திங்பி என்பார் கொல்லத்திற்குச் செல்லும் நோக்கத்தோடு, 1281-ஆம் ஆண்டின் முதற்றிங்களிற் சுவான்சௌத் துறையினின்று கலமேறினர். மூன்று திங்கட் செலவின்பின் ஈழத்தை அடைந்தனர். காற்று மாறுபட்டது, உணவும் குறைந்தது. மாலுமிகள் வேண்டிக்கொண்டபடி, நான்காந் திங்களில் மாபர் எனப்பட்ட பாண்டி நாட்டுக் கரையில் இறங்கினர். ஆண்டு அமைச்சரொடு உரையாடிய தூதர், அந்நாட்டு அரசர் உடன்பிறந்தார் ஐவரும் காயி என்னுமிடத்தில் ஒருங்கு கூடியிருந்த செய்தியை அறிந்தனர். இக்காயி என்பது காயலே என அறிஞர் துணிவர்.

இச்செய்தியை வெனிசு நகரத்து மார்க்கோ போலோவின் நூலொடு ஒப்பிடுக. சீனத்தினின்று கடல்வழி மீண்டபோது அவர் கலமேறியதும் சுவான்சௌத் துறையிலேதான். பாண்டி நாட்டை உடன்பிறந்தார் ஐவர் ஆண்டனர் என்று அவரும் எழுதினர். காயல் நகரையும், சித்திரை வைகாசிப் பருவத்து முத்துக்குளிப்பையும், மேலைநாட்டுக் குதிரைக் கலங்கள் ஆண்டு வருதலையும் விரித்துரைத்தனர். ஒருவர் நூலை ஒருவர் அறியாத இருவர் கூற்று ஒத்தலின், அவ்வொற்றுமை வலிய ஏதுவாகின்றது.

காலப் பொருத்தமும் நோக்கத்தக்கது. சம்பந்தப் பெருமாள் சீனத்தில் இறைவனை எழுந்தருளுவித்தது 1281-இன் சித்திரை. சீனத் தூதர் பாண்டிக் கரையில் இறங்கியதும் அவ்வாண்டின் அவ்விளவேனிலே. குப்லாய் கானின் ஆணை ஒருபுறம் சுவான்சௌவில் சிவாலயத்திற்கு இடந்தர, மற்றொருபுறம் காயலரசரது நட்பை நாடிக் கலமேறிற்று. கோயிலுக்குக் கிடைத்த பர்மானும் தூதும் ஒரே கடல்வாணிகக் கொள்கையின் இரு பகுதிகள் எனக் கருதுதல் தவறாகாது. அந்நாளில் மாபர் அரசவையில் அமைச்சராயிருந்த அபூ அலி என்னும் இசுலாமியப் பெரியார் 1291-இற் சீனஞ் சென்று, ஆண்டே வாழ்ந்து, 1299-இல் மறைந்தனர். அவரை அடக்கஞ்செய்த இடம் சுவான்சௌ.

மட்கலங்களும் சான்று பகரும். நெல்லை வரலாறெழுதிய கால்டுவெல் பழையகாயற் பரப்பிற் சீனக் கலவோடுகள் சிதறிக்கிடந்தமையைக் குறித்துள்ளார். இராமநாதபுரக் கரைப் பெரியபட்டினத்தில் சப்பான் நாட்டு அறிஞர் நொபோரு கராசிமா முதலியோர் ஆராய்ந்தபோது பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனக் கலவோடுகள் மிகுதியாகக் கிடைத்தன. பூசியான் சூளைகளிற் சுட்டனவும் அவற்றுள் உண்டு. தமிழர் மட்டும் சென்றனரல்லர், சீனரும் வந்தனர். நாகப்பட்டினத்துச் செங்கற்கோபுரத்தில் 1267-இற் சீன எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தமையைப் பதினான்காம் நூற்றாண்டுச் சீனச் செலவினர் ஒருவர் குறித்தனர். அங்ஙனம் தமிழ்க்கரையிற் சீன எழுத்து நின்ற பதினான்கு ஆண்டில், சீனக்கரையில் தமிழெழுத்து நின்றது.

போதிதருமரும் போர்க்கலையும்

இனி ஐதிகத்தை ஆராய்வாம். காஞ்சியினின்று சென்ற போதிதருமரே ஷாவோலின் துறவியர்க்குக் கைவரிசை கற்பித்தார் என்பது அது. போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல், லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி 547-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அஃது அவரைப் பாரசீகத் துறவி என்கின்றது. அடுத்த சான்றாகிய தான்லின் என்பாரது உரை, அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கின்றது. இவ்விரண்டினும் காஞ்சியின் பெயர் இல்லை, போர்க்கலையும் இல்லை.

ஷாவோலின் மடம் 495-ஐ ஒட்டிப் பாதுவோ என்னும் வேறோர் இந்தியத் துறவியின் பொருட்டு அமைக்கப்பட்டது. அம்மடத்துத் துறவியர் 621-இற் போரில் தாங் அரசமரபினர்க்கு உதவினர் என்பதை 728-இல் நட்ட கல்வெட்டுக் கூறும். ஆயினும் அக்கல்வெட்டும் போதிதருமரைப் போர்க்கலைக்கு ஆசிரியராக்கவில்லை. அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என முதன்முதற் கூறியது, நரம்பை மாற்றும் நூல் என்னும் பொருளுடைய ஈசின் சிங். அஃது எழுதப்பட்டது 1624-இல். ஆயிரத்தொரு நூறு ஆண்டுகட்குப் பிற்பட்ட அந்நூலின் முன்னுரை தன்னைப் பழையதாகக் காட்டிக்கொள்வதன் பொய்ம்மையை, இருபதாம் நூற்றாண்டிற் சீன அறிஞரே எடுத்துக்காட்டினர்.

தமிழகத்துச் சிலம்பமும் சீனத் தடிவரிசையும் ஒத்திருத்தலைக் காட்டி, ஒன்றினின்று ஒன்று பிறந்ததென்பாரும் உளர். ஒப்புமை மட்டும் பிறப்பிற்கு ஏதுவாகாது. தடியேந்திய மக்கள் யாவரும் தலையைக் காத்து விலாவை அடிப்பர். மனித உடலின் அமைப்பு எந்நாட்டினும் ஒன்றே. மேலும், சுவான்சௌவிற் பிறந்த யூ தாயூ என்னும் படைத்தலைவர் வரலாறு இக்கலை சென்ற வழி வேறுபட்டதைக் காட்டும். தடிப்போர் பற்றி நூலெழுதிய அவர் 1561-இல் வடசீனத்து ஷாவோலின் மடத்தை அடைந்து, அத்துறவியரின் தடிவரிசை பழைய மெய்ந்நுட்பத்தை இழந்தது கண்டனர்; இளந்துறவியர் இருவரைத் தம்முடன் தெற்கே கொண்டுசென்று மூன்றாண்டு பயிற்றி விடுத்தனர். ஷாவோலின் மடத்தார் கற்ற கலையில் ஒரு பகுதி சுவான்சௌ நகரத்தாரிடமிருந்தே சென்றது என்பது இதனாற் போதரும்.

ஆகவே, போதிதருமர் தென்னாட்டவராதல் கூடும். அவர் போர்க்கலை கற்பித்தமை நிறுவப்பட்டிலது. இதனைச் சொல்லுதலால் தமிழர்க்கு இழுக்கில்லை. ஐயத்திற்கிடமான பெருமையைப் பற்றிக்கொண்டு, ஐயமற்ற கல்வெட்டை அறியாதிருத்தலே இழுக்காகும்.

சிதைவும் எச்சமும்

யுவான் ஆட்சியின் இறுதியில், 1357 முதல் 1366 வரை, சுவான்சௌவில் அயல்நாட்டுப் படையினர் கிளர்ச்சி நிகழ்ந்தது. அதனை அடக்கியபோது அயலாரும் அவர்தம் கட்டடங்களும் பெருங்கேடுற்றனர். சிவாலயமும் நிலைகுலைந்தது. அதன் கற்கள் பிற கட்டடங்கட்கும் நகர்மதிலுக்கும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது அவை வெளிப்பட, அந்நகரத்துப் பள்ளியாசிரியராகிய ஊ வென்லியாங் என்பார் அவற்றைத் தேடித் தொகுத்து 1957-இல் நூலாக வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 1933-இல், ஈழத்துப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி இச்சிற்பங்களைப் பற்றி எழுதியிருந்தனர். இதுகாறும் அறியப்பட்டவை முந்நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பல 1959-இல் தோன்றிய கடல்வாணிகப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளன.

அவற்றுள் சைவர் உள்ளத்தை உருக்குவன இரண்டு. ஒன்றில் யானையொன்று துதிக்கையை நீட்டிச் சிவலிங்கத்தை வழிபடுகின்றது. திருவானைக்காவை அறிந்தார்க்கு அதன் பொருள் சொல்ல வேண்டுவதின்று. மற்றொன்றிற் பசுவொன்று சிவலிங்கத்தை வழிபடுகின்றது. அந்நாட்டுக் கல்லில் இவற்றைச் செதுக்குவித்தோர் சோழ பாண்டிய நாட்டுத் தலவரலாறுகளை நெஞ்சிற் சுமந்து சென்றவராதல் வேண்டும். நகரையடுத்த சிற்றூரொன்றில், இக்கற்களுள் ஒன்றாகிய நான்கு திருக்கைகளையுடைய உருவத்தை ஊரார் குவான்யின் என்னும் பௌத்த அருட்டெய்வமாக வைத்துப் புகையும் மலரும் இட்டு வழிபடுகின்றனர். தம் மரபினரல்லாதார் பெயர்மாற்றி வழிபடுதல் சைவர்க்கு வருத்தந் தருவதன்று. எவர் எப்பெயரால் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்று அவ்வடிவாய் நின்று பயன் அளிப்பவன் சிவபிரானே என்பது சித்தியாரின் துணிபாதலின் என்க.

அம்மலைக்குச் செல்லும் சைவர், லாவோசு முனிவரின் திருமுன் நின்று வணங்குக. தென் ஷாவோலின் மாணாக்கரின் தடிவரிசையைக் கண்டு மகிழ்க. ஆயினும், நகருள் இறங்கி அக்கற்களைக் காணாது மீள்வாராயின், தம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வத்தைக் காணாது மீண்டவராவர். செல்ல இயலாதார்க்குத் தூத்துக்குடிக் கரையே போதும். முத்துச் சலாபம் 1961-ஓடு நின்றது. காயலை விட்டுக் கடல் விலகிற்று. ஆயினும் அம்மணலிற் கிடக்கும் சீன ஓடொன்று, சித்திரைத் திருநாளில் சீனத்துக் கரையில் எழுந்தருளிய நாயனாரை நினைப்பிக்க வல்லது.

குரு, இலிங்கம், சங்கமம் என மூன்றிடத்தும் இறைவன் வழிபடற்பாலன் என்பது சைவத்துணிபு. இயங்கும் சங்கமம் கலமேறிச் சென்ற இடத்தில் இலிங்கம் நிலைபெற்றது. நிலைபெற்ற கோயில் காலத்தால் வீழ்ந்தது. அதனை எடுத்த அடியாரின் பெயர் மட்டும், அவர் தாய்மொழியில், ஒரு கல்லின்மேல் எழுநூற்று நாற்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. ஐதிகம் அகன்ற இடத்திலும் அக்கல் நிற்கும்.